அரை எங்கே?

தமிழில் ‘அரை’ என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. பாதி என்பது ஒன்று. இடுப்பு என்பது மற்றொன்று. அரைஞாண், அரைக்கச்சு, அரைமூடி என்பனவற்றில் வரும் அரை இடுப்பேயாம். ‘இடை’ என்பதும் ‘நடு’ என்பதும் அவ்வாறே நடுவிடத்தையும் இடுப்பையும் ஒருங்கே உணர்த்துவன. மனித உடலைப் பாதியாக வகுக்கும் இடம் இடுப்பே என நம் முன்னோர் கண்டனர்போலும் என்று மாணாக்கருக்குப் பல ஆண்டுகளாகச் சொல்லி வந்திருக்கிறேன். அது முற்றும் சரியன்று என்பதை, நான் பண்டித வகுப்பிற் படித்த காலத்திலேயே என் தந்தையார் எனக்குச் சொல்லியிருந்தார். அவர் பண்டிதரல்லர், கொக்குவிலிற் சிறு கடை ஒன்று வைத்திருந்த தையற்காரர்.

அவர் சொன்னதை மீண்டும் நினைக்க நேர்ந்தது சென்ற ஆவணியில். பழைய மாணாக்கர் ஒருவரின் திருமணத்துக்குச் சென்றிருந்தேன். காலையில் மணவறையிலே பட்டு வேட்டியும் சால்வையும் தலைப்பாகையுமாக அவர் வீற்றிருந்த கோலம் கண்ணுக்கு நிறைவாயிருந்தது. மாலை வரவேற்பிலே கோட்டும் காற்சட்டையும் அணிந்து வந்தார். காலையிற் கண்ட ஆள்தானோ இவர் என ஐயுறும்படி உருவம் சிறுத்துவிட்டது. கோட்டு பிட்டத்தின் பாதியிலேயே நின்றது. காற்சட்டையின் விளிம்போ தொப்புளுக்கு நான்கு விரற்கடை கீழே, இடுப்பெலும்பின்மேல் தங்கியிருந்தது. கோட்டின் தெறிக்குக் கீழே வெள்ளைச் சட்டை முக்கோணமாகத் தெரிய, அம்முக்கோணத்துள்ளே கழுத்துப்பட்டியின் நுனி எட்டிப் பார்த்தது. கையை உயர்த்தினாற் சட்டை வெளியே வந்தது. வயது முதிர்ந்த தந்தையார் மேடையேறியபோது, காலைத் தொட்டு வணங்கக் குனிந்த பிள்ளை ஒரு கையாற் காற்சட்டையின் பின்புறத்தைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் மட்டுமே தந்தையின் பாதத்தைத் தொட்டார். அந்தக் காட்சியும் படமாகிவிட்டது. என் பின்னால் இருந்த அம்மையார் ஒருவர், “இரவல் உடுப்புப் போலக் கிடக்கு” என்று மெல்லச் சொன்னதும் என் காதில் விழுந்தது.

இரவலன்று. ஒரு மாதச் சம்பளத்தைக் கொடுத்துக் கொழும்பிலே வாங்கிய ஆயத்த உடை. உயரம் குறைந்தவர்களுக்குக் குட்டைக் கோட்டும் தாழ்ந்த காற்சட்டையுமே அழகு என்று கடைக்காரர் உறுதி கூறினாராம். சில நாட் கழித்து என்னைக் காண வந்த அவர், திருமணப் படங்களைக் காட்டிவிட்டு, “ஐயா, என்ர உடம்பிலதான் பிழையோ?” என்று கேட்டார். முப்பது வயது நிரம்பாத, குறையேதுமற்ற ஓர் இளைஞர் தம் உடம்பைப் பற்றி அவ்வாறு கேட்டது எனக்கு நோவைத் தந்தது. உடையிலுள்ள பிழையை உடம்பின்மேல் ஏற்றிச் சொல்வது எளிது. உடை மொழி பேசுவதில்லையாதலால் உடம்புதான் தலைகுனிய வேண்டியிருக்கிறது.

பிழை எங்கே என்பதை அறிய இரண்டு அளவுகளைத் தெரிந்துகொண்டாற் போதும். ஒன்று கோட்டின் நீளம். அது பின்கழுத்திற் கொலர் தைக்கப்படும் இடத்திலிருந்து முதுகுவழியே கீழ்விளிம்புவரை அளக்கப்படுவது. மற்றொன்று சற்று மறைபொருளானது. காற்சட்டையை இடுப்பு விளிம்பிலிருந்து குதிக்கால்வரை வெளிப்புறமாகவும், கவட்டிலிருந்து குதிக்கால்வரை உட்புறமாகவும் அளப்பர். வெளியளவு 42 அங்குலமும் உள்ளளவு 31 அங்குலமுமாயின், ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழிக்க எஞ்சுவது 11. கவட்டுக்கும் இடுப்பு விளிம்புக்கும் இடையேயுள்ள உயரம் இஃது. தையற்காரர் இதனை ‘ரைஸ்’ என்பர். ஈண்டு கவட்டுயரம் என வழங்குகிறேன்.

வேட்டி கட்டும் நமக்கு இவ்வளவு புதிதாகத் தோன்றலாம். ஆயினும் நாம் நாள்தோறும் இதனைத் தீர்மானித்தே வருகிறோம். வேட்டியைத் தொப்புளின்மேற் கட்டுவதா, தொப்புளிலா, அதற்குக் கீழேயா என்பது கட்டுபவர் கையில் இருக்கிறது. காலையிற் கட்டிய இடம் பொருந்தவில்லையாயின் அவிழ்த்து ஒரு விரற்கடை ஏற்றிக் கட்டலாம். என் மாணாக்கர் காலையில் அழகாயிருந்தமைக்குக் காரணமும் அதுவே. அவருடைய மாமனார் முறையான ஒருவர் வேட்டியை இருக்கவேண்டிய இடத்திற் கட்டிவிட்டிருந்தார். காற்சட்டையிலோ அவ்வுரிமை வெட்டுபவனின் கத்திரிக்கோலுக்குப் போய்விடுகிறது.

என் தந்தையாரிடம் ஓர் அளவுக் கொப்பி இருந்தது. நீண்ட, கறுப்பு அட்டைக் கணக்குக் கொப்பி. ஒவ்வோர் ஆளுக்கும் ஒரு வரி. மார்பு, இடுப்பு, தோள், கைநீளம் என்பனவற்றை எல்லாத் தையற்காரரும் எழுதுவர். இவர் மேலும் இரண்டு அளவுகளை எழுதுவார்: பின்கழுத்திலிருந்து நிலம்வரை உள்ள உயரம், கவட்டிலிருந்து நிலம்வரை உள்ள உயரம். வரியின் முடிவிற் சில குறிகள். இடத்தோள் தாழ்வாயின் ஒரு கோடு, கூனலாயின் ஒரு வளைவு, தொந்தியாயின் ஒரு சுழி. சிறுவயதில் அவற்றைச் சந்தக் குறிகள் என நினைத்து நான் வாசித்துப் பார்த்ததுண்டு.

அக்கொப்பியில் அண்ணன் தம்பியர் இருவரின் அளவுகள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன. இருவரும் 5 அடி 8 அங்குலம். பின்கழுத்திலிருந்து நிலம் இருவருக்கும் 58 அங்குலம். ஒருவர் சட்டையை மற்றவர் போடலாம் என்றே எவரும் கருதுவர். ஆனாற் கவட்டிலிருந்து நிலம் அண்ணனுக்கு 33, தம்பிக்கு 29½. அண்ணன் நெடுங்காலர், தம்பி நெடுமெய்யர். நின்றால் ஒத்த உயரம். கதிரையில் இருந்தால் தம்பி உயர்ந்தவர்.

இவ்விருவருக்கும் 9 அங்குலக் கவட்டுயரமுள்ள காற்சட்டையைக் கொடுப்போமாக. அண்ணனுக்கு விளிம்பு நிலத்திலிருந்து 42 அங்குலத்தில், தொப்புளை ஒட்டி நிற்கும். தம்பிக்கோ 38½ அங்குலத்தில், தொப்புளுக்கு இரண்டரை அங்குலம் கீழே நிற்கும். ஒரே எண், ஒரே துணி, ஒரே தையல். ஒருவருக்கு உயர்ந்த காற்சட்டையாயிருப்பது மற்றவருக்குத் தாழ்ந்த காற்சட்டையாகிவிடுகிறது. தம்பியின் விளிம்பு தொப்புளைத் தொட வேண்டுமாயின் பதினொன்றரை அங்குலத்துக்குக் குறையாமல் வேண்டும். ஆகவே உயர்ந்தது நல்லதா தாழ்ந்தது நல்லதா என்று வெறுமனே வழக்காடுதல் பயனற்றது. எவருடைய உடம்புக்கு என்று முதலிற் கேட்க வேண்டும். ஆயத்த உடைக் கடைகளிலோ குறுமை, இடைமை, நெடுமை என மூன்றே வகுப்புக்கள்; அவையும் முழு உயரத்தை நோக்கியவை. குறில் நெடில் என்று எழுத்தை வகுத்துவிட்டு அசை பிரிக்க மறந்ததைப் போன்றது அது.

கோட்டின் நீளத்துக்குத் தந்தையார் கைக்கொண்ட விதி மேலைநாட்டுத் தையற்காரரின் பழைய விதியே. பின்கழுத்திலிருந்து நிலம்வரை உள்ள உயரத்திற் பாதி. 58 அங்குலமாயின் கோட்டு 29. அதன் விளிம்பு பிட்டத்தை மூடி முடியும் இடத்தில் நிற்கும். கையைத் தொங்கவிட்டுப் பெருவிரலின் கணுவோடு விளிம்பு ஒத்து வருகிறதா எனப் பார்ப்பது வேறொரு வழக்கம். விரைவுக்கு அது உதவும். ஆயினும் கைநீளம் ஆளுக்கு ஆள் வேறுபடுவதால் தந்தையார் அதனை நம்புவதில்லை. “கை பொய் சொல்லும், நிலம் பொய் சொல்லாது” என்பார்.

அக்காலத்தில் நான் சிற்பநூற் கருத்துக்களைப் படித்துக்கொண்டிருந்தேன். தெய்வ உருவங்களைத் தாலம் என்னும் அளவால் வகுப்பது நம் சிற்ப மரபு. பெருந்தெய்வங்களுக்கு உத்தம தச தாலம். விநாயகருக்கு ஐந்து தாலம். உத்தம தச தாலத்திலே படிமத்தின் முழு உயரம் 124 கூறு. ஒவ்வொரு கூறும் ஓர் அங்குலம் எனப்படும். தையற்காரரின் அங்குலம் எல்லோருக்கும் ஒன்று. சிற்பியின் அங்குலமோ அவ்வப் படிமத்தின் உயரத்திலிருந்தே பிறப்பது. உச்சிக்கு 4, முகத்துக்கு 13½, கழுத்துக்கு 4, கழுத்திலிருந்து நெஞ்சுக்கு 13½, நெஞ்சிலிருந்து தொப்புளுக்கு 13½, தொப்புளிலிருந்து குறியின் அடிக்கு 13½, தொடைக்கு 27, முழந்தாளுக்கு 4, கணைக்காலுக்கு 27, பாதத்துக்கு 4. இதனைத் தந்தையாருக்கு ஒருநாள் இரவு வாசித்துக் காட்டினேன். அவர் தையற் சுண்ணக்கட்டியை எடுத்து மேசைமேற் கூட்டினார். உச்சியிலிருந்து கவடுவரை 62. கவட்டிலிருந்து பாதம்வரை 62.

“அப்ப சிற்பியும் கவட்டிலதான் பாதி பிடிச்சிருக்கிறான்” என்றார். சற்றுப் பொறுத்து, “தம்பி, நீ சொல்லுற அரை மேல கிடக்கு, அளக்கிற அரை கீழ கிடக்கு. உடுப்பு இரண்டுக்கும் நடுவில நிண்டு சமாளிக்குது” என்றும் சொன்னார்.

இத்தாலியராகிய லியனார்டோ டா வின்சியும் 1490 ஆம் ஆண்டளவில் வரைந்த வட்டமும் சதுரமும் சூழ்ந்த மனித உருவத்தில் இதே இடத்தையே உயரத்தின் நடுவாகக் கொண்டார். ஆயின் இடுப்பை அரை என்றது தமிழின் பிழையோ எனின், அன்று. அளவின் அரை கவட்டில் இருப்பினும் கண்ணின் அரை இடுப்பில் இருக்கிறது. உடுத்த மனிதனைக் காணும் கண் கவட்டைத் தேடுவதில்லை. காற்சட்டையின் விளிம்பு எங்கே தொடங்குகிறதோ அங்கேதான் கால் தொடங்குகிறது என்று கொள்கிறது. விளிம்பை மூன்று அங்குலம் இறக்கினாற் காலிலிருந்து மூன்று அங்குலத்தை எடுத்து உடலிலே சேர்த்தவராகிறோம். ஏற்கெனவே மெய் நீண்டு கால் குறுகியவருக்கு இது இரட்டை இழப்பு.

இனி, கோட்டும் காற்சட்டையும் ஒன்றையொன்று சந்திக்கும் இடம் ஒன்று உண்டு. அதனைப் பலரும் கவனிப்பதில்லை. இரண்டு தெறி வைத்த கோட்டிலே மேல்தெறியும், மூன்று தெறி வைத்ததில் நடுத்தெறியுமே பூட்டப்படும். அத்தெறி தொப்புளளவில், அல்லது அதற்குச் சற்று மேலே நிற்கும். அதற்குக் கீழே கோட்டின் இரு முன்பக்கங்களும் பிரிந்து விலகுகின்றன. காற்சட்டையின் விளிம்பு தெறியின் அளவுக்கு உயர்ந்திருந்தால், பிரியும் இடத்திலே காற்சட்டைத் துணியே தெரியும். மேலும் கீழும் ஒரே ஓட்டமாகக் கண் இறங்கும். விளிம்பு தாழ்ந்திருந்தால் இடைவெளியிலே வெள்ளைச் சட்டை தோன்றும். அந்த வெள்ளை முக்கோணம் ஆளை இரண்டாக வெட்டிவிடும். என் மாணாக்கரின் படத்திற் கண்டது அதுவே. கோட்டு மட்டும் நீண்டிருந்தாலோ, காற்சட்டை மட்டும் உயர்ந்திருந்தாலோ பிழை பாதியாகக் குறைந்திருக்கும். இரண்டும் ஒருங்கே குறைந்தமையாற் பிட்டமும் வெளிப்பட்டது, வயிறும் வெளிப்பட்டது.

உயரம் குறைந்தவருக்குக் கோட்டைக் குறைத்தாற் கால் நீண்டு தோன்றும் என்பது கடைக்காரரின் வாதம். அதில் உண்மை சிறிதும் இல்லை என்று சொல்லமாட்டேன். அரையங்குலம், மிஞ்சினால் முக்கால் அங்குலம் குறைக்கலாம். ஆனால் மேலே சொன்ன தம்பியின் கோட்டை இரண்டு அங்குலம் குறைத்தோமானால், விளிம்பு நிலத்திலிருந்து 31 அங்குலத்தில் நிற்கும். கவடோ 29½ இல் இருக்கிறது. பிட்டத்தின் கீழ்ப்பாதி கோட்டுக்கு வெளியே வந்து, உள்ளதைவிடப் பருமனாகவும் தாழ்ந்தும் தோன்றும். குறுங்காலருக்குக் காலை நீட்டித் தருவது கோட்டன்று, உயர்ந்த காற்சட்டையே.

நெடுங்காலருக்கு நேர்மாறான எச்சரிக்கை வேண்டும். மெலிந்து நெடுத்தவர் ஒருவர் விலாவெலும்புவரை ஏறிய காற்சட்டையும் குட்டைக் கோட்டும் அணிந்தால் வயலில் நிற்கும் கொக்கு நினைவுக்கு வரும். அவருக்கு விளிம்பு தொப்புளுக்குச் சற்றுக் கீழே இருந்தாலும் குற்றமில்லை. கோட்டு பாதியளவுக்கு அரையங்குலம் கூடியிருந்தால் நன்று. தொடையும் பிட்டமும் திரண்ட விளையாட்டு வீரருக்குத் தாழ்ந்த காற்சட்டை உட்காரும்போதெல்லாம் பின்னே இறங்கும். கவட்டுயரத்தின் பின்பகுதியிலே துணி கூடுதலாக விடுவதும், கோட்டின் பின்புறத்திலே பிளவு வைப்பதும் அவருக்கு ஏற்றவை.

இந்த இலக்கணத்தை முழுதும் அறிந்து வேண்டுமென்றே மீறியவர் சார்ளி சப்ளின். 1914 ஆம் ஆண்டிலே திரையில் முதன்முதல் தோன்றிய அந்த நாடோடியின் கோலத்தை நினைத்துப் பாருங்கள். கோட்டு இறுகிக் குறுகியது, காற்சட்டை தொளதொளத்தது, தொப்பி சிறியது, சப்பாத்துப் பெரியது. ஒவ்வொன்றும் மற்றொன்றோடு முரண்பட வேண்டும் என்றே அவ்வாறு தெரிந்தெடுத்ததாக 1964 இல் வெளிவந்த தம் வரலாற்று நூலிற் கூறியிருக்கிறார். மேலே குறைவு, கீழே மிகுதி, சேருமிடத்திற் பொருத்தமின்மை. சிரிப்பு வேண்டிய இடத்தில் அஃது அழகு. திருமண மேடையில் அவ்வாறன்று.

மீறாமற் காத்தவர்களுள் எட்டாம் எட்வேட் மன்னரைச் சொல்லலாம். 1936 இல் அரியணை ஏறி அவ்வாண்டிலேயே துறந்து, பின்னர் வின்ட்சர் கோமகனாக வாழ்ந்தவர். உயரம் குறைந்தவர், சிறுத்த உடம்பினர். அவருடைய கோட்டுக்களை நீண்ட காலமாக வெட்டியவர் இலண்டனிலிருந்த ஸ்கோல்ற் என்னும் ஒல்லாந்த நாட்டுத் தையற்காரர். பிற்காலத்திற் காற்சட்டைகளையோ கோமகன் நியூயோர்க்கிலே தைப்பித்தார். தோள்வாரை விட்டு அமெரிக்கர்போல் இடுப்புவார் கட்ட விரும்பியமை அதற்குக் காரணம். கோட்டு ஒரு கண்டத்திலும் காற்சட்டை மற்றொரு கண்டத்திலும் பிறந்தன. எனினும் படங்களிலே தெறிக்குக் கீழே வெள்ளை தெரியக் காண்பது அரிது. கோமகனின் செல்வத்தையும் அரசியலையும் நாம் பின்பற்ற வேண்டியதில்லை. ஆனால் உயரம் குறைந்தவர் பாதியளவுக் கோட்டையும் இடுப்பில் நிற்கும் காற்சட்டையையும் அணிந்து நிமிர்ந்து நிற்கலாம் என்பதற்கு அவர் சான்று.

தோள்வார் போய் இடுப்புவார் வந்ததே காற்சட்டை கீழிறங்கியமைக்கு வழி திறந்தது என்பது என் எண்ணம். தோளிலிருந்து தொங்கும் காற்சட்டை எவ்வுயரத்திலும் நிற்கும். வாரால் இறுக்கப்படுவதோ எலும்பின் பிடியைத் தேடி இறங்கும். 1960களின் பிற்பகுதியிலும் அடுத்த பத்தாண்டிலும் இடுப்பெலும்பளவிலே நிற்கும் காற்சட்டை இளைஞரிடையே பரவியது. பின்னர் ஏறியது; மீண்டும் இறங்கியது. 2001 இல் நியூயோர்க்கிலே தொழில் தொடங்கிய தொம் பிறவுண் என்பார் கோட்டையும் காற்சட்டையையும் ஒருங்கே குறுக்கி வெட்டினார். அவர் அதனைத் தெரிந்தே செய்தார். பழைய அளவுகளை அறிந்தவர் கண்ணுக்கே அதன் குறும்பு விளங்கும். அவரைக் கண்ட ஆயத்த உடைக்காரர் குறும்பை விட்டுக் குறுக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டனர். குட்டைக் கோட்டுக்குத் துணியும் குறைவு என்பதை அவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அண்மை ஆண்டுகளிலே காற்சட்டை மீண்டும் தொப்புளை நோக்கி ஏறத் தொடங்கியிருக்கிறது. மகிழ்ச்சிதான், ஆனால் இதுவும் உடம்பைப் பார்த்து ஏறவில்லை, வழக்கைப் பார்த்தே ஏறுகிறது.

தொந்தி உடையவர்களைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். தந்தையாரின் பழைய வாடிக்கைக்காரருட் பலர் அப்புக்காத்துமாரும் பிரக்கிராசிமாருமாவர். நீதிமன்றத்தில் நெடுநேரம் இருந்து வயிறு வளர்ந்தவர்கள். இவர்கள் காற்சட்டையை வயிற்றுக்குக் கீழே கட்டவே விரும்புவர். அங்கே இடுப்புச் சுற்றளவு குறைவு என்பதால் மனத்துக்கு ஓர் ஆறுதல். ஆனால் வயிறு விளிம்பின்மேற் கவிழ்ந்து விழும். நடக்க நடக்கக் காற்சட்டை இறங்கும். கவடு முழங்காலை நோக்கித் தொய்யும். வயிற்றின்மேல் ஏற்றித் தோள்வாராற் தொங்கவிட்டால் துணி வயிற்றின் முனையிலிருந்து நேரே நிலத்தை நோக்கி விழும். வயிறு மறையாது, ஆனால் அமைதி பெறும்.

கோட்டு விடயத்தில் இவர்களுக்கு நேரும் கேடு வேறொன்று. முன்பக்கத் துணி வயிற்றைச் சுற்றிச் செல்ல வேண்டியிருப்பதால் அதன் நீளம் அங்கேயே செலவாகிவிடும். முன்விளிம்பு மேலே தூக்கி, பாதி விரித்த குடைபோல நிற்கும். நல்ல தையற்காரர் முதுகின் நீளத்தை மாற்றாது முன்பக்கத்துக்கு மட்டும் துணியைக் கூட்டுவர். கூனியவருக்கு இதன் மறுதலை. முதுகு வளைந்திருப்பதாற் பின்பக்கத் துணி போதாமல் விளிம்பு பின்னே உயரும், கொலர் கழுத்தைவிட்டு விலகும், முன்பக்கம் தொங்கும். அங்கே பின்னே கூட்டி முன்னே குறைக்க வேண்டும். நெஞ்சை நிமிர்த்தி நிற்கும் படைவீரருக்கோ பின்பக்கத்திலே துணி மிஞ்சிக் கொலருக்குக் கீழே மடிந்து கிடக்கும். இவ்வேறுபாடுகளை எல்லாம் கடையிலே நிற்கும் பொம்மை அறியாது. அதற்கு முதுகும் வயிறும் ஒரே பலகை.

வாங்கியபின் திருத்தலாமே என்பார்க்கு ஒரு சொல். கோட்டைச் சிறிது குறைக்கலாம். அதிகம் குறைத்தாற் பைகள் விளிம்புக்கு அண்மையில் வந்துவிடும். நீட்டுதல் பெரும்பாலும் இயலாது. காற்சட்டையின் கால்நீளத்தை மடிப்பிலுள்ள துணியளவுக்கு நீட்டலாம். கவட்டுயரத்தைக் கூட்டவோ அங்கே துணியே இல்லை. ஆகையாற் கண்ணாடிமுன் நிற்கும்போது தெறியைப் பூட்டி, கைகளைத் தொங்கவிட்டு, பக்கவாட்டிலும் பார்க்க வேண்டும். ஒருமுறை கதிரையில் இருந்து எழ வேண்டும். நம்மவர் ஒருமுறை விழுந்து வணங்கியும் பார்க்க வேண்டும்.

1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் 30 ஆம் நாள் வலிகாமத்து மக்கள் வீடுவாசலை விட்டுத் தென்மராட்சியை நோக்கி நடந்த இரவில், தந்தையார் கத்திரிக்கோலையும் அளவு நாடாவையும் கறுப்புக் கொப்பியையும் துணிப்பை ஒன்றில் இட்டு எடுத்துக்கொண்டார். தையற்பொறியைச் சுமக்க முடியவில்லை. மறு ஆண்டு திரும்பியபோது பொறியும் இல்லை, கடையின் கதவும் இல்லை. கொப்பியில் இருந்தவர்களோ உலகெங்கும் போய்விட்டார்கள். சமாதான காலத்தில் அவர்களுள் ஒருவர் ரொறன்ரோவிலிருந்து வந்து தம் பழைய வரியைக் காட்டும்படி கேட்டார். தந்தையார் காட்டிவிட்டு, நாடாவை எடுத்து அவரை மறுபடியும் அளந்து, பழைய வரியின்கீழ் எழுதினார். பின்கழுத்திலிருந்து நிலம் ஓர் அங்குலம் குறைந்திருந்தது. இடுப்பு ஆறு அங்குலம் கூடியிருந்தது. வரியின் முடிவிற் புதிதாக ஒரு சுழி. இரண்டு வரிகளையும் அந்த மனிதர் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

தந்தையார் இப்போது இல்லை. அவரிடம் தொழில் பயின்றவர் ஒருவர் எழுபது வயதிலும் யாழ்ப்பாணத்திலே தைத்துக்கொண்டிருக்கிறார். என் மகளின் திருமணம் வரும் மார்கழியில் இலண்டனில் நடைபெறவுள்ளது. அந்தக் குளிருக்கு வேட்டி தாங்காது என்று எல்லோரும் வற்புறுத்தியமையால், வாழ்நாளில் முதன்முறையாகக் கோட்டுக்கு அளவு கொடுக்க அவரிடம் சென்றேன். போகும்போது அந்த மாணாக்கரையும் உடன் அழைத்துச் சென்றேன்.

முதியவர் முதலில் அவரை அளந்தார். கவட்டிலிருந்து நிலம் 29. திருமணக் காற்சட்டையை மேசைமேல் விரித்து வெளியளவையும் உள்ளளவையும் பார்த்தார். “உடம்பில பிழை ஒண்டுமில்லைத் தம்பி. உங்களுக்குப் பன்னிரண்டு வேணும், ஒன்பதைத் தந்து அனுப்பியிருக்கினம்” என்றார். பிள்ளை ஒன்றும் பேசவில்லை. ஆனால் நாடாவைச் சுருட்டு முன்னரே, அதே நிறத் துணி கிடைக்குமா என்று கேட்டுவிட்டார்.

பின்னர் என் முறை. பின்கழுத்தில் நாடாவை வைத்தவர் சற்றுத் தயங்கினார்.

“தம்பி, நேர நில்லுங்கோ.”

“நேராகத்தானே நிற்கிறேன், அண்ணை.”

அவர் மறுமொழி கூறாது கொப்பியைத் திறந்து எழுதினார். முப்பது ஆண்டுகளாகப் புத்தகத்தின்மேலும் விடைத்தாளின்மேலும் குனிந்திருந்தவனின் வரி அது. முன்னே அரையங்குலம் குறைக்க, பின்னே முக்கால் அங்குலம் கூட்ட. வரியின் முடிவில் என் தந்தையார் இடும் அதே வளைவு.